டிக்கெட் போடும் முன் கமிட்டி தேதியைக் கேளுங்கள்

மூன்று வார விடுப்பில் மெல்போர்னிலிருந்து மதுரைக்குப் போயிருந்தேன். அண்ணனுக்கு 47 வயது, அறிவுசார் குறைபாடு. அம்மாவுக்கு 75. அம்மாவுக்குப் பிறகு அண்ணன் என் பொறுப்பு என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாமலே முடிவான விஷயம். அதை எழுத்தில் ஏற்றிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

வங்கியிலேயே மாட்டிக்கொண்டோம். அண்ணன் கணக்கில் மாதம் 2000 ரூபாய் அரசின் பராமரிப்பு உதவித்தொகை ஏறுகிறது. இத்தனை நாள் அம்மா கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். புதிதாக வந்த மேனேஜர் பாதுகாவலர் சான்றிதழ் கேட்டார். பெற்ற தாய்க்கு எதற்குச் சான்றிதழ் என்று நான் சத்தம் போட்டேன். விசாரித்த பிறகு அந்தச் சத்தம் வீண் என்று தெரிந்தது. பிள்ளைக்கு 18 முடிந்துவிட்டால் அம்மாவும் தானாகப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் கமிட்டி நியமித்தால்தான் உண்டு. இது எங்களுக்கு இத்தனை வருடம் தெரியாமலே ஓடியிருக்கிறது.

சரி, என் பெயரையே போடுங்கள் என்று மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சொன்னேன். "சார் எந்த ஊர் பாஸ்போர்ட்?" என்று கேட்டார் அங்கிருந்த பெண் ஊழியர். பாதுகாவலர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டுமாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் என் ஓசிஐ அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அண்ணன் போகும் பகல்நேர மையத்தையும் பார்த்தேன். காகித உறை ஒட்டுகிறார்கள், ஆளுக்கொரு இடம் உண்டு, அண்ணன் தன் இடத்தை யாருக்கும் தர மாட்டார். மெல்போர்னில் இவருக்கு அரசுச் செலவில் தனி உதவியாளர் கிடைத்திருக்கலாம். ஆனால் வேனிலிருந்து இறங்கியதும் கை கழுவ வைக்காவிட்டால் நாள் முழுக்க உறை ஒட்ட மாட்டார் என்பது இங்கே டிரைவருக்குத் தெரிந்திருக்கிறது. சாயங்காலம் 4 மணிக்கு மையம் மூடுகிறது. அதற்கப்புறம் அம்மாதான். ராத்தங்கலுக்கு இடம் தேடினேன். சிறுவர்களுக்கு என்றால் பேசினார்கள், 47 வயது என்றதும் பேச்சு சுருங்கியது. ஒன்று மட்டும் கையோடு முடிந்தது: ஒரு லட்சம் ரூபாய் வரை தரும் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பம்.

பாதுகாவலர் இடத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் சித்தப்பா மகளிடம் போய் நின்றேன். நியமனமாகி ஆறு மாதத்துக்குள் அண்ணனின் சொத்துப் பட்டியல், வருடாவருடம் கணக்கு கொடுக்க வேண்டும், எல்லாம் சொன்னேன். "கணக்கு நான் எழுதிக்கிறேன். பணம் நேரத்துக்கு வருமாண்ணே?" என்றாள். இதைத்தான் அவள் கேட்டிருக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கமிட்டி கூட வேண்டும் என்கிறது சட்டம். என் விடுப்பு மூன்று வாரம். நான் திரும்பி வந்த பிறகுதான் கூடியது. அவளைக் காட்டி இது யார் என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறார்கள். "பாப்பா" என்றாராம். அவளுக்கு இப்போது 41 வயது.