தமிழ்99, தங்கிலீஷ், டைப்ரைட்டிங்: எந்த விரலுக்கு எந்தக் கீபோர்டு?

புது லேப்டாப் வாங்கினேன் என்று சொன்னால், ரேம் எத்தனை ஜிபி, பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எனக்கு அதெல்லாம் அப்புறம். பெட்டியைப் பிரித்து வைஃபையை இணைத்த கையோடு, தமிழ் கீபோர்டைச் சேர்த்து ஒரு பத்தி அடித்துப் பார்ப்பேன். நாளெல்லாம் தமிழில் எழுதுகிறவருக்கு ப்ராசஸரைவிட இதுதான் அதிக நேரத்தை மிச்சப்படுத்தும், அல்லது விழுங்கும். ஆனால் முதலில் எது கைக்குக் கிடைத்ததோ அதிலேயே பலரும் காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் பல வருடம் ஓட்டினேன்.

களத்தில் இருப்பவை நான்கு: பழைய டைப்ரைட்டர் வழி, ஆங்கில எழுத்தை வைத்து அடிக்கும் தங்கிலீஷ் வழி, தமிழுக்கென்றே வடிவமைத்த தமிழ்99, பேசினால் எழுதும் குரல் வழி. இன்ஸ்கிரிப்ட் என்று ஐந்தாவது ஒன்றும் உண்டு. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சில் வார்த்தது அது. இந்திக்கு நான்கு 'க' வேண்டும், நமக்கு ஒன்று போதும். ஆகவே தமிழில் பல இடங்கள் காலியாகக் கிடக்கும். அதில் தமிழ் அடிப்பவரை இதுவரை நேரில் பார்த்ததில்லை. அதனால் விட்டுவிடுகிறேன்.

வயதில் மூத்தது டைப்ரைட்டர் வழி. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து கடல் கடந்துபோன ஆர். முத்தையா, இத்தனை எழுத்துகளை ஒரு சின்ன இயந்திரத்துக்குள் எப்படி அடக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கிய விசை அமைப்பின் வாரிசு இது. அந்த இயந்திரத்தில் புள்ளியை அடித்தால், காகிதத்தை நகர்த்தும் வண்டி நகராது. அப்படியே நிற்கும், அடுத்து அடிக்கும் எழுத்து அதன் கீழே வந்து உட்காரும். அதாவது 'ம்' அடிக்க முதலில் புள்ளி, பிறகு 'ம'. கொம்பும் அப்படித்தான், காகிதத்தில் எழுதுகிற வரிசைப்படி எழுத்துக்கு முன்னால் வரும். இரும்புக்கு இது சரி. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு நேர்மாறு: முதலில் மெய், அதற்குப் பின்னால்தான் கொம்பு. எனவே டைப்ரைட்டர் முறையில் அடிப்பவருக்காக மென்பொருள் திரைக்குப் பின்னால் எழுத்துகளை இடம் மாற்றி வைத்துக்கொண்டே இருக்கிறது. சில செயலிகளில் பேக்ஸ்பேஸ் தட்டினால் எதிர்பாராத துண்டு மட்டும் அழிவதற்கு இந்த இடமாற்றமும் ஒரு காரணம்.

இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பரவிய பாமினி இதே குடும்பம்தான். அது வெறும் எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் முகத்தில் தமிழ் முகமூடியை மாட்டிவிட்ட வேலை. ஜே, கே, பி, ஓ, கடைசியில் அரைப்புள்ளி என்று அடித்தால் திரையில் 'தமிழ்' தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் முகமூடி கழன்று, ஜேயும் கேயும் அப்படியே பல்லிளிக்கும். பழைய சிறப்பு மலர்களையும் அலுவலகக் கோப்புகளையும் திறந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனாலும் இன்றைக்குப் புதிதாக ஒரு கோப்பைப் பாமினியில் தொடங்குபவரை எனக்குப் புரிந்துகொள்ள முடியவில்லை.

அதற்காக டைப்ரைட்டர் விசை அமைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தட்டச்சில் 'ஹையர்' எனும் மேல்நிலைத் தேர்வைத் தமிழில் முடித்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்கும். தமிழ்நாட்டில் அரசுத் தட்டச்சர் வேலைக்கு இன்றும் தட்டச்சுச் சான்றிதழ் வேண்டும். எந்தச் சிற்றூர்க் கடைத்தெருவிலும் மாடியில் ஓர் இன்ஸ்டிடியூட் இருக்கும். அங்கே படித்தவர் வேறு எதற்கும் மாற வேண்டியதில்லை. யூனிகோடில் எழுதும் டைப்ரைட்டர் விசை அமைப்பைக் கணினியில் போட்டுக்கொண்டால் போதும், விரல் நினைவு அப்படியே செல்லும். என் ஆட்சேபணை புதிதாகக் கற்கிறவர்களைப் பற்றியது மட்டும்தான். வேலைக்கு என்றால் படியுங்கள். கட்டுரை எழுதவோ கதை எழுதவோ என்றால், மாதக்கணக்கில் போகும் அந்தப் பயிற்சி தேவையில்லை.

சரி, தங்கிலீஷுக்கு வருவோம். தமிழை இணையத்தில் பெருக வைத்தது இதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், 2000களின் தொடக்கத்தில் இலவசமாகக் கிடைத்த இ-கலப்பை ஆகிய மென்பொருள்கள் இல்லாவிட்டால், தமிழில் வலைப்பதிவு எழுதிய தலைமுறையில் பாதிப் பேர் எழுதத் தொடங்கியே இருக்க மாட்டார்கள். கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். என் முதல் பத்து வருடம் முழுக்க இதில்தான் போனது.

தங்கிலீஷிலும் இரண்டு சாதி உண்டு, இதைப் பலரும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அஞ்சல் போன்றவை விதிப்படி நடப்பவை. சின்ன 'எல்' என்றால் 'ல', ஷிஃப்டோடு அடித்தால் 'ள'. அடித்ததுதான் வரும். மற்றது ஊகிக்கும் வகை. நீங்கள் வாட்ஸாப்பில் அடிப்பதுபோல் மனம்போன போக்கில் அடியுங்கள், அது ஒரு சொல்லைக் கண்டுபிடித்து நீட்டும். ஃபோனில் கூகுளின் ஜிபோர்டு கீபோர்டு செய்வது இது. விண்டோஸ் 10இலும் 2019 மே மாதப் புதுப்பிப்பில் இந்த வகைக் கீபோர்டு ஒன்று வந்தது.

ஊகிப்பது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் நம்முடைய லகர, ளகர, ழகரமும் ரகர, றகரமும் னகர, ணகரமும் ஆங்கிலத்தில் ஒரே சட்டையைப் போட்டுக்கொள்பவை. மனமா மணமா, அரையா அறையா, கலமா களமா காலமா என்று மென்பொருள் குத்துமதிப்பாக முடிவெடுக்கும். நாம் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்? ஒரு முறை உறவினர் குழுவில், 'ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் கரி குழம்பு' என்று அழைப்பு அனுப்பிவிட்டேன். 'அடுப்பில் மிஞ்சியதா தம்பி?' என்று சித்தப்பா கேட்டார். இன்னும் விடவில்லை.

சிரிப்புக்கு அப்பால் ஒரு விஷயம் உண்டு. ஊகத்தை நம்பி எழுதுகிறவரின் கண், சரியான எழுத்தைத் தேடுவதை மெல்ல நிறுத்திவிடுகிறது. எனக்கே நடந்தது. கையால் ஒரு விண்ணப்பம் எழுதும்போது 'பரவாயில்லை'க்கு எந்த ர என்று பேனாவை நிறுத்தி யோசித்தேன். அன்றைக்குத்தான் தமிழ்99 பக்கம் திரும்பினேன்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து, அதே ஆண்டு தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. உயிர் பன்னிரண்டு, மெய்க்குப் பதினெட்டு, புள்ளிக்கும் ஆய்தத்துக்குமாக ஒன்று. மொத்தம் 31 விசை, ஷிஃப்டைத் தொடாமலே 247 எழுத்தும் முடிந்தது. உயிரெல்லாம் இடக்கையில். மெய் பெரும்பாலும் வலக்கையில் ('வ'வும் 'ங'வும் மட்டும் இடம் கிடைக்காமல் இந்தப் பக்கம் ஒண்டிக்கொண்டன). விரல்கள் தங்கும் நடு வரிசையான ஓய்வு வரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி. வலப்பக்கம் ப, ம, த, ந, விரல் சற்று நீட்டினால் க. தலைக்கு மேல் நெடில்: அ-வுக்கு மேலே ஆ, இ-க்கு மேலே ஈ, உ-வுக்கு மேலே ஊ. 'மி' என்றால் வலக்கை ம, இடக்கை இ. இரண்டு கையும் மாறி மாறிப் போவதால் கும்மி தட்டுகிற மாதிரி ஒரு தாளம் வந்துவிடும்.

இதில் என்னைக் கவர்ந்தது புள்ளி தானாக விழும் அழகு. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி வந்துவிடும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படித்தான்: ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற. பள்ளிக்கூடத்தில் நன்னூலோடு மல்லுக்கட்டியபோது படித்த இன எழுத்து, இங்கே விரலுக்கு உதவி செய்கிறது. 'பந்து' நான்கே தட்டு. 'மன்றம்' ஐந்து. இணை எழுத்துகளையும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், விரல் அதிகம் தாவ வேண்டியதில்லை.

இந்த வசதி காலை வாரும் இடமும் உண்டு. 'லலிதா' என்று அடித்தால் 'ல்லிதா' என்று வந்து நிற்பாள். முதல் ல-வுக்குப் பிறகு அ விசையை ஒரு முறை தட்ட வேண்டும். பப்பாளிக்கும் மமதைக்கும் இதே வைத்தியம். தெரியாதவர்கள் முதல் நாளே வெறுத்துப்போவது இந்த இடத்தில்தான். இன்னொன்று, ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் ஷிஃப்டோடு. பெயர்ப் பட்டியல் அடிப்பவருக்குக் கொஞ்சம் எரிச்சல்.

'நான் பள்ளிக்கு வந்தேன்' என்ற வரியை மூன்றிலும் எண்ணிப் பார்த்தேன். இடைவெளியைக் கழித்து, தமிழ்99இல் 17 தட்டு, ஷிஃப்ட் இல்லை. அஞ்சல் முறையில் 19 தட்டு, மூன்று இடத்தில் ஷிஃப்ட். பாமினியில் 19, இரண்டு ஷிஃப்ட். வித்தியாசம் இவ்வளவுதானா என்று எனக்கே ஏமாற்றம். ஆனால் வேகத்தைத் தின்பது தட்டுகளின் எண்ணிக்கை அல்ல, நடுவில் வரும் தயக்கம். தமிழ்99இல் ள-வுக்கு ஒரே இடம், ழ-வுக்கு ஒரே இடம். பட்டியல் கிடையாது, பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்ற யோசனை கிடையாது. முதல் வாரம் ஆமை. பத்தாவது நாள் பழைய வேகம் திரும்பியது. அதன் பிறகு திரையை விட்டு கண் எடுக்கவில்லை.

லேப்டாப் வாங்குபவருக்கு ஒரு குறிப்பு. தமிழ்99இல் ச சதுர அடைப்புக்குறி விசையில் இருக்கிறது, ந அரைப்புள்ளியில், ய ஒற்றை மேற்கோளில், ழ சாய்கோட்டில். சில சின்ன லேப்டாப்களிலும் கையடக்க ப்ளூடூத் கீபோர்டுகளிலும் இந்த ஓரத்து விசைகளைத்தான் குறுக்கிவிடுவார்கள். ஆங்கிலம் அடிப்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. நமக்கோ ச-வும் ழ-வும் சுண்டுவிரலில் சிக்கித் தவிக்கும். கடையில் மாதிரிக்கு வைத்திருப்பதில் அந்த நான்கு விசையையும் அழுத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மேக், லினக்ஸ், இப்போதைய விண்டோஸ் மூன்றிலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது, பெரும்பாலும் தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

இவ்வளவு புகழ்ந்தவன் ஃபோனிலும் அதையே பரிந்துரைப்பேன் என்று நினைத்தால், இல்லை. தமிழ்99இன் மேல் வரிசையில் 12 எழுத்து, ஆங்கிலத்தில் 10. உள்ளங்கை அகலத் திரையில் அந்த இரண்டு விசை வித்தியாசம் பெருவிரலுக்குத் தெரியும். இடக்கை-வலக்கைத் தாளம் என்று சொன்னேனே, ஒற்றைக் கட்டைவிரலால் பேருந்தில் நின்றுகொண்டு அடிக்கும்போது அதற்கு அர்த்தமே இல்லை. ஃபோனில் தமிழ் அடிக்கும் செல்லினம் என்ற செயலி 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் அறிமுகமானது. 2013இல் ஐஃபோனிலேயே தமிழ் கீபோர்டு வந்ததிலிருந்து, அஞ்சலும் தமிழ்99உம் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து வருகின்றன. நான் ஃபோனில் தங்கிலீஷுக்கே திரும்பிவிட்டேன். விதிப்படி நடக்கும் வகை, ஊகம் அணைத்துவைத்தது. கரிக் குழம்பு இன்னும் நினைவில் இருக்கிறது.

குரல் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2017 ஆகஸ்டில் கூகுளின் குரல்வழித் தட்டச்சில் தமிழ் சேர்ந்தது. நிதானமாக, எழுத்துத் தமிழில் சொன்னால் வியக்கும்படி வேலை செய்கிறது. வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் தடுமாறுகிறது. நிறுத்தக் குறிகளை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கட்டுரைக்கு ஆகாது. ஆனால் கண் மங்கிய, கீபோர்டே தொடாத பெரியவர்களுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. அம்மா இப்போதெல்லாம் இதில்தான் செய்தி அனுப்புகிறார். ஒரே மூச்சில் நாற்பது சொல், ஒரு புள்ளிகூட இருக்காது. நேற்று வந்ததில், நடுவே பால்காரரிடம் அவர் பேசியதும் சேர்ந்து வந்திருந்தது: 'சாப்பிட்டியா ஊருக்கு எப்ப வர்ற நாளைக்கு அரை லிட்டர் போதும்'.