5-எச்டிபி நீண்ட நாள் அனுபவம்: தூக்கம் சரி, மனநிலை?

தூக்கத்துக்கும் மனநிலைக்கும் கடையில் விற்கும் 5-எச்டிபி (5-HTP) என்ற துணை மாத்திரையை எடுக்க ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, நடுநடுவே நிறுத்தி நிறுத்தித்தான். தூக்கம் வர உதவியது. மனநிலைக்கு உதவியதா என்றால் அவ்வளவு சுலபமாகத் தலையாட்ட மாட்டேன்.

டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தை உடம்பு முதலில் 5-எச்டிபியாக மாற்றுகிறது, அது மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற வேதிப்பொருள் ஆகிறது, இரவில் அதிலிருந்தே தூக்க ஹார்மோனான மெலடோனினும் வருகிறது. இதில் இழுத்தடிப்பது முதல் படிதான், மாத்திரை அந்தப் படியைத் தாண்டிவிடுகிறது. செரோடோனினையே நேராக விழுங்கினால் அது மூளைக்குள் நுழையாது, 5-எச்டிபி நுழையும். கிரிஃபோனியா என்ற மேற்கு ஆப்பிரிக்கக் கொடியின் விதையிலிருந்து இதை எடுக்கிறார்கள்.

முதலில் 50 மில்லிகிராம், பிறகு 100. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல் பிடுங்கி எடுத்துவிடும். இதைப் பலரும் 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள், ஆனால் காரணம் தெரிந்தால் ஆச்சரியமில்லை: நம் உடம்பின் செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, விழுங்கிய மாத்திரையிலும் ஒரு பங்கு அங்கேயே செரோடோனின் ஆகிவிடுகிறது, வாந்தியை நிறுத்தத் தரும் ஒண்டான்செட்ரான் வேலை செய்வதே செரோடோனின் ஏற்பிகளை அடைத்துத்தான். கொஞ்சம் சாப்பாட்டோடு எடுக்க ஆரம்பித்ததும் எனக்குக் குமட்டல் பெரிதாக இல்லை.

படுத்தால் புரண்டுகொண்டே கிடக்கும் நேரம் நன்றாகவே குறைந்தது. நள்ளிரவுக்குப் பின் விழிப்பு தட்டுவது மட்டும் அப்படியேதான் இருக்கிறது. கனவுகள் முழு நீளப் படம் போல வரும், சில நாள் ரசித்தேன், சில நாள் காலையில் களைப்பாக இருந்தது.

மனநிலை விஷயத்துக்கு வருகிறேன். சிடுசிடுப்பு குறைந்தது உண்மை. ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு, வேறு வழிகளில் நன்றாகத் தூங்கிய வாரங்களிலும் அதே அளவு குறைந்தது! அப்புறம் எதற்கு மாத்திரைக்குப் பெயர் கொடுப்பது? மனச்சோர்வுக்கு இது நல்லதா என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2002இல் செய்த ஆய்வுத் தொகுப்பில் டிரிப்டோஃபானையும் 5-எச்டிபியையும் சேர்த்து 108 ஆய்வுகளைப் பார்த்தார்கள், தரம் தேறியவை 2 மட்டும், அவற்றில் இருந்தவர்கள் 64 பேர். சாதகமாகத்தான் வந்தது, ஆனாலும் அதை நம்பி மனச்சோர்வுக்கான சிகிச்சையை யாரும் தள்ளிப்போடக் கூடாது.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செர்ட்ராலின், ஃப்ளூவாக்செட்டின் மாதிரி மனச்சோர்வு மருந்து எடுப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம், செரோடோனின் அளவு மீறி உயிருக்கே ஆபத்தாகலாம். வலிக்குத் தரும் டிரமடாலும் அந்தப் பட்டியலில் உண்டு, சில இருமல் மருந்துகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானும் உண்டு. நான் இருமல் மருந்து குடிக்கும் நாட்களில் இதை நிறுத்திவிடுவேன். 'இயற்கையானது' என்று டப்பாவில் போட்டிருப்பதை வைத்து ஆறுதல் அடையவும் வேண்டாம்: 1989இல் அமெரிக்காவில் டிரிப்டோஃபான் மாத்திரையால் 1,500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், இறந்தவர்களும் உண்டு, தயாரிப்பில் கலந்த மாசுதான் காரணம் என்று சந்தேகம் போனது. அதனால் ஒவ்வொரு தொகுதியையும் வெளி ஆய்வகத்தில் சோதித்து அறிக்கை தரும் பிராண்டை மட்டும்தான் வாங்குகிறேன்.

சிறுநீரில் 5-எச்ஐஏஏ (செரோடோனின் சிதைந்து வெளியேறும் பொருள், செரோடோனின் சுரக்கும் கட்டிகளைக் கண்டுபிடிக்க இதை அளப்பார்கள்) பரிசோதனை எழுதித் தந்தால், இதை எடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லாத கட்டி இருப்பது போல அளவு எகிறிக் காட்டும்.