இத்தாலியின் பொசிட்டானோவில் வாடகைக்கு வீடு எடுக்கிறீர்களா? என் 1,840 யூரோ போனது இப்படித்தான்

நேற்று மதியம் பெட்டியோடு படிக்கட்டில் நின்றபோதுதான் தெரிந்தது, 1,840 யூரோ போயே போச்சு என்று. வீடு இருக்கிறது, எலுமிச்சைத் தொட்டி வைத்த மாடியும் படத்தில் இருந்த மாதிரியே இருக்கிறது. ஆனால் கதவைத் திறந்த அம்மா வீட்டை யாருக்கும் வாடகைக்கு விடுவதே இல்லையாம்.

வாடகை வீடுகள் போடும் ஒரு தளத்தில் பிடித்தது. ஐந்து இரவு. "தளத்துக்கு எதுக்கு கமிஷன், நேரா என் கணக்குல போடுங்க, பத்து சதவீதம் குறைக்கிறேன்" என்றான் விளம்பரம் போட்டவன். தள்ளுபடியில் விழவில்லை. "சொரெண்டோவிலிருந்து பஸ்ஸில் வந்தா கியேசா நுவோவாவில் இறங்கிடாதீங்க, அடுத்தது ஸ்போன்டா, பெரிய கடற்கரைக்கு அதுதான் கிட்ட" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான் பாருங்கள், அதில்தான் விழுந்தேன். சொன்னது அத்தனையும் உண்மை! திருடனுக்கும் பஸ் ஸ்டாப் தெரியும் என்பது உறைக்கவில்லை.

விளம்பரத்தில் சின் (CIN) எண் வேறு இருந்தது. இத்தாலியில் சுற்றுலா வாடகை வீடுகளுக்கு 2025 ஜனவரியிலிருந்து கட்டாயமான தேசிய அடையாள எண் அது. எண் இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, படிக்கவில்லை. ஐடி (IT) என்ற எழுத்துகளுக்கு அடுத்த மூன்று இலக்கம் மாகாணம். பொசிட்டானோ சலேர்னோ மாகாணம், 065 வர வேண்டும். அதில் இருந்தது 063, நாப்போலி. யார் வீட்டு எண்ணையோ சுட்டு ஒட்டியிருக்கிறான்.

அவன் தந்த வங்கிக் கணக்கு எண் எல்டி (LT) என்று தொடங்கியது, அதாவது லிதுவேனியா. இத்தாலியக் கணக்கு என்றால் ஐடி, மொத்தம் 27 எழுத்து. பெயர் பொருந்தவில்லை என்று வங்கிச் செயலியே எச்சரித்தது. கேட்டால், "அது என் ஆடிட்டர் கணக்கு." உடனடிப் பரிமாற்றம் வேறு, பத்தே விநாடி, 1,840 யூரோ அந்தப் பக்கம்.

தளத்துக்காரர்கள் நான்கு முறையும் ஒரே பதிலை வேறு வேறு பெயரில் அனுப்பினார்கள்: "எங்கள் வழியாகச் செலுத்தாத பணத்துக்குப் பொறுப்பில்லை." விளம்பரத்தையாவது தூக்குங்கள் என்றால், பரிசீலிக்கிறார்களாம். இன்று காலை வரை அப்படியே இருக்கிறது. வங்கியோ, "நீங்களே அனுமதித்த பணம்" என்று கைகழுவிவிட்டது.

விரிவாக எழுத உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சின் எண்ணின் இலக்கங்களைப் படியுங்கள். தளத்துக்கு வெளியே ஒரு சென்ட்கூட போடாதீர்கள். ஏமாந்துவிட்டால் இத்தாலியப் போலீஸான கராபினியேரியிடம் புகார் எழுதி, முத்திரையோடு நகல் வாங்காமல் ஊரைவிட்டுக் கிளம்பாதீர்கள், வங்கி முதலில் அதைத்தான் கேட்கிறது.