ஒரே இரவில் மாற்றுவதா, இரண்டையும் ஓடவிட்டு மாற்றுவதா?

எங்கள் துறையின் 41 அலுவலகங்களும் தனித்தனியாக எடுத்திருந்த குத்தகை லைன்களை (வாடகைக்கு எடுத்த தனி இணைப்புகளை) விட்டுவிட்டு, தனியார் நிறுவனம் நடத்தும் ஒரே நெட்வொர்க்குக்கு மாறின. அந்த வேலையை ஒருங்கிணைத்தவர்களில் நானும் ஒருவன். சனிக்கிழமை இரவு பழையதைத் துண்டித்து, திங்கள் காலை எல்லாரையும் புதியதில் உட்கார வைப்பது ஒரு வழி. ஆறு வாரம் இரண்டையும் ஓடவிட்டு, ஐந்தைந்து அலுவலகமாக நகர்த்துவது இன்னொன்று. இரண்டாவதைத்தான் எடுத்தோம். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஒரே இரவு வழியில் இரட்டை வாடகை இல்லை, ஒரே தேதி, ஒரே சுற்றறிக்கை. நாலைந்து அலுவலகம், ஒரே மென்பொருள் என்றால் அது போதும்.

மற்றவர்களுக்கு விஷயமே வேறு: எந்த லைன் எதற்கு ஓடுகிறது என்ற பட்டியல். எங்களிடம் ஒன்று இருந்தது, சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினோம். ஒவ்வோர் அலுவலகத்தையும் நகர்த்திய பிறகு பழைய லைனை ஒரு நாள் கழற்றி வைத்து, யாரிடமிருந்து போன் வருகிறது என்று பார்த்தோம். ஓரிடத்தில் வருகைப்பதிவுக் கருவி நின்றுபோனது. அதன் ஐபி முகவரியை, அதாவது வலையில் அதை அடையாளம் காட்டும் எண்ணை, யாரோ கையால் பதித்திருந்தார்கள்; வலை மாறியதும் அது தானாக மாறவில்லை. இன்னோரிடத்தில் பெட்டக அறையின் அபாய மணி பழைய தொலைபேசி லைனையே நம்பியிருந்தது. மூன்று ஆண்டுக்கு முன் காலி செய்த கட்டடத்தின் லைனுக்கு வாடகை போய்க்கொண்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. பாதி அலுவலகங்களின் ஐபி முகவரிகள் 192.168.1 என்று தொடங்கும் ஒரே வரிசையில் இருந்தன. தனித்தனியாக இருந்தவரை தொல்லையில்லை; ஒரே வலையில் சேர்ந்ததும் முகவரிகள் மோதும். பிரிண்டர் வரை ஒவ்வொன்றாக மாற்றினோம். இதெல்லாம் ஒரு திங்கள் காலையில் ஒன்றாக வந்திருந்தால், கவுன்டரில் நிற்கிற மக்களுக்கு என்ன பதில் சொல்லியிருப்போம்?

அமெரிக்க மத்திய அரசுத் துறைகள் எஃப்டிஎஸ் 2001 என்ற தொலைத்தொடர்பு ஒப்பந்தத்திலிருந்து அடுத்து வந்த நெட்வொர்க்ஸ் ஒப்பந்தத்துக்கு மாறியபோது, திட்டமிட்டதைவிட 33 மாதம் கூடுதலாக இழுத்தது. துல்லியமான பட்டியல் வேண்டும் என்று அந்நாட்டு அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2006-லேயே வலியுறுத்தியிருந்தது. இந்தியாவில் 2005-இல் ஒப்புதல் பெற்ற மாநிலப் பெரும்பரப்பு வலையமைப்புத் திட்டம், தலைமையகத்திலிருந்து வட்டாரம் வரை குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேக இணைப்பு தரச் சொன்னது. நடத்துவது தனியாரா, மத்திய அரசின் தேசிய தகவலியல் மையமா என்பதை மாநிலங்களே முடிவு செய்யலாம் என்று விட்டது. யார் நடத்தினாலும் இந்தப் பட்டியலைத் துறைதான் எழுத வேண்டும். நம் பெட்டக மணி எந்த லைனில் இருக்கிறது என்று ஒப்பந்த நிறுவனத்துக்கு எப்படித் தெரியும்?

ஒப்பந்தத்தின் சேவைத் தரத்தில் லைன் 99.5 சதவீத நேரம் ஓட வேண்டும் என்றிருந்தால், 30 நாளில் 3 மணி 36 நிமிடம் லைன் நிற்கலாம். அலுவலகத்தில் மின்சாரம் போனால் அது இந்தக் கணக்கில் சேருமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

நான் பார்த்தது 41 அலுவலகம்தான். நூற்றுக்கணக்கில் இருந்தால் இரட்டை வாடகையைத் தாங்க முடியுமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு மாவட்டத்திலாவது இப்படிச் செய்து பார்க்கலாம். செயற்கைக்கோள் இணைப்பில் இருக்கும் மலை அலுவலகங்களில் எனக்கு அனுபவம் இல்லை.

அப்புறம், பழைய லைனை ஒப்படைக்கும் கடிதத்தில் சர்க்யூட் எண்ணையும் (அந்த லைனின் அடையாள எண்) தேதியையும் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். எங்களுக்கு இரண்டு லைனுக்கு அதன் பிறகும் பில் வந்தது. அந்த முத்திரையைக் காட்டித்தான் நிறுத்தினோம்.