கேள்வி காணாமல் போகாத இடம்: மூன்று வருட அனுபவம்

புள்ளியியல் படிக்க ஆரம்பித்து மூன்று வருடமாகிறது, முழுக்க ஆன்லைனில். எங்கள் படிப்புக் குழுவில் ஒன்பது பேர், யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

முதலில் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிற அரட்டைச் செயலியில்தான் குழு வைத்திருந்தோம். ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு பி-மதிப்பு பற்றி ஒரு சந்தேகம் கேட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எண்பதுக்கும் மேல் செய்திகள், பாதி பிறந்தநாள் வாழ்த்து, நடுவில் யாரோ ஒருவர் "ஆமாம், அதேதான்" என்று போட்டிருக்கிறார். எதற்கு ஆமாம்? என் கேள்விக்கா, கேக் நல்லா இருக்கிறதா என்று கேட்டதற்கா? இன்றுவரை தெரியாது.

அப்புறம் அலுவலகங்களுக்கான ஒரு செயலிக்கு மாறினோம். இலவசக் கணக்கில் பழைய செய்திகள் கொஞ்ச நாளில் மறைந்துவிடும் என்பதைப் படித்துப் பார்க்காதது எங்கள் தப்புதான், தேர்வுக்கு முன்பு தேடும்போதுதான் உறைத்தது.

இப்போது இரண்டு வருடமாக ஜூலிப் (Zulip) என்கிற குழு அரட்டைச் செயலி. 2015-இல் திறமூலமாக, அதாவது மூல நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, வெளியிட்ட மென்பொருள், சொந்த சர்வரிலும் நிறுவிக்கொள்ளலாம். சேனல் என்கிற அறைக்குள் ஒவ்வொரு பேச்சுக்கும் தனித் தலைப்பு உண்டு, அதனால் ராத்திரி கேட்ட கேள்வி காலையிலும் அதே தலைப்பின் கீழே அப்படியே உட்கார்ந்திருக்கும், பேச்சு திசைமாறினால் அந்தச் செய்திகளை மட்டும் வேறு தலைப்புக்கு நகர்த்தலாம், விடை கிடைத்துவிட்டால் டிக் போட்டுவிடலாம். முன்னும் பின்னும் இரண்டிரண்டு டாலர் குறி ($$) போட்டு எழுதினால் சமன்பாடு சமன்பாடாகவே தெரியும். எங்களுக்கு இதுதான் பெரிய விஷயம். ஆனால் தலைப்பு போடச் சோம்பல்பட்டு இரண்டு பேர் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பேசுவதற்கு டிஸ்கார்ட் (Discord) என்கிற செயலி. விளையாடுகிறவர்களுக்காக வந்தது என்று முதலில் தயங்கினேன். ஆனால் அதன் குரல் அறை எப்போதும் திறந்தே கிடக்கும், இணைப்பு அனுப்ப வேண்டாம், நேரம் குறிக்க வேண்டாம். பல நாள் நானும் இன்னொருவரும் ஒரு வார்த்தை பேசாமல், அவர் விசைப்பலகை தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இரண்டு மணி நேரம் படித்திருக்கிறோம்.

கட்டுரைகளை வாசிக்க ஹைப்போதிசிஸ் (Hypothesis) என்கிற குறிப்பெழுதும் கருவி. பிடிஎஃப்பில் ஒரு வரியை நிறமிட்டு அதன் ஓரத்திலேயே கேட்கலாம். அவரவர் கணினியில் தனித்தனிப் பிரதி இருந்தாலும், கோப்பு ஒன்றேயானால் எல்லோர் குறிப்பும் தெரியும். "இந்த வரி எனக்கு மட்டும்தான் புரியவில்லையா?" என்று போட்டேன், கீழே நாலு பேர் "எனக்கும்தான்".

மூடுல் (Moodle) என்கிற பாடத் தளத்தில் உள்ள படிப்பு என்றால் விவாதத்தில் கேள்வி-பதில் வகையை வைக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். நாம் எழுதாதவரை அடுத்தவர் பதில் தெரியாது, காப்பியடிப்பது அவ்வளவு சுலபமில்லை.

சரி, உங்கள் குழுவில் நாலைந்து பேர்தான் என்றால் இத்தனையும் வேண்டாம். அரட்டைக் குழுவே போதும், பிறந்தநாள் வாழ்த்துக்கு மட்டும் தனிக் குழு ஒன்று திறந்துவிடுங்கள்.