எதிர் நிறமா, பக்கத்து நிறமா?

கல்யாணப் பத்திரிகைக்கு நிறம் தேர்ந்தெடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஓவியர்கள் நிறங்களை வட்டமாக அடுக்கும் நிறச் சக்கரத்தில் நேரெதிரே, 180 டிகிரி தள்ளி நிற்கும் ஜோடி: சிவப்பும் பச்சையும் மாதிரி. பச்சைக் கரை வைத்த சிவப்புக் காஞ்சிபுரம் பட்டுப் புடவையில், உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா (குறுக்கு நூலை ஓட்டும் தறிக் கருவி) ஓட்டி, இரண்டையும் பிணைத்துக் கோர்வையாக நெய்வதால், இரண்டு நிறமும் கலக்காமல் பளிச்சென்று நிற்கும். ஆனால் கவனியுங்கள், அங்கே பச்சை கரையில் மட்டும்தான். பாதிக்குப் பாதி போட்டால் இரண்டும் அடித்துக்கொள்ளும். சிவப்பின் மேல் பச்சை எழுத்து கண்ணைக் கூசவைக்கும். நிறக்குருடு உள்ளவர்களுக்குப் படிக்கவே முடியாமல் போகலாம்.

இன்னொன்று, அடுத்தடுத்த நிறங்கள்: மஞ்சள், மாம்பழ மஞ்சள், ஆரஞ்சு. சண்டையே வராது. சரி, முகூர்த்த நேரம் எப்படி எடுப்பாகத் தெரியும்? வெளிர், அடர்த்தி வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும்.

என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். எழுத்தை மட்டும் அடர்ந்த அரக்கு நிறத்தில் வைப்பேன்.