கீசர் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுகிறீர்களா? 4,850 ரூபாய் போன கதையைக் கேளுங்கள்

4,850 ரூபாய். நாலு நாளைக்கு முன்னால்தான் கொடுத்தேன். இன்று காலை அம்மாவுக்கு மறுபடி அடுப்பில் வெந்நீர் வைத்தேன்.

எங்கள் வீடு மேடவாக்கம் பக்கம். போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. 15 லிட்டர் கீசர், வாங்கி நாலு வருஷம். கொஞ்ச நாளாகவே சூடாக நேரம் பிடித்தது, உள்ளே களகளவென்று சத்தம் வேறு. போன வாரம் சூடாவதே நின்றுவிட்டது. பவர் விளக்கு எரிகிறது, ஹீட்டிங் விளக்கு எரியவில்லை.

வீட்டு ரிப்பேருக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில் பதிவு செய்தேன். யூனிஃபார்ம் போட்ட பையன் வந்தான். செருப்பை வாசலிலேயே கழற்றினான், கீழே பேப்பர் விரித்தான், வாய்க்கு வாய் அக்கா. அங்கேதான் விழுந்தேன். மெயின் சுவிட்ச் பக்கத்திலேயே நிற்கச் சொல்லி ஹாலுக்கு அனுப்பினான். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டு, சுண்ணாம்பு அப்பிய, தண்ணீரைச் சூடாக்கும் காயில் ஒன்றை நீட்டி, “இதுல சூடான தண்ணியிலயாக்கா குளிச்சீங்க?” என்றான். எனக்கே கூச்சமாகிவிட்டது. காயில், சூடு போதுமானதும் ஆஃப் பண்ணுகிற தெர்மோஸ்டாட், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 4,850. “எனக்கே ஜிபே பண்ணிடுங்கக்கா, ஆப்புல போட்டா வரி சேரும்.” பண்ணினேன். பழைய காயிலையும் அவனே எடுத்துக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் பழையபடி. அவன் போன் ஸ்விட்ச் ஆஃப். ஆப்பில் கேட்டால் “சிரமத்துக்கு வருந்துகிறோம், 48 மணி நேரத்தில் அழைப்போம்.” அழைக்கவில்லை. நானே அழைத்தால், ஒவ்வொரு தடவையும் புது ஆள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கடைசியாக ஒரு பெண், பணம் ஆப் வழியாக வராததால் பொறுப்பேற்க முடியாது மேடம் என்று முடித்துவிட்டார்.

இன்று தெருமுனை எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து அடி மூடியைக் கழற்றினார். காயில் நட்டுகளில் துரு அப்படியே இருந்தது, யாரும் தொட்ட அடையாளமே இல்லை. அன்று அவன் நீட்டியது எங்கள் காயிலே இல்லை! “காயில் மாத்தணும்னா டேங்க்ல இருக்கிற 15 லிட்டரையும் வடிக்கணும்மா. அன்னைக்குத் தரை நனைஞ்சுதா?” என்று கேட்டார். விரித்த பேப்பர்கூட ஈரமாகவில்லை! அதிகமாகச் சூடானால் கரண்டைத் துண்டிக்கிற கட்அவுட் என்று ஒன்று உண்டாம். அதன் சின்னப் பொத்தானை அழுத்திவிட்டுப் போயிருக்கிறான். பழைய தெர்மோஸ்டாட் சரியாக ஆஃப் ஆகாததால் அந்தக் கட்அவுட் திரும்பக் கரண்டைத் துண்டித்திருக்கிறது. அண்ணன் தெர்மோஸ்டாட் மாற்றி, எங்கள் காயிலில் இருந்த உப்பைச் சுரண்டி எடுத்தார். எல்லாம் சேர்த்து 800 ரூபாய். பொத்தானை அழுத்தியதற்கு 4,850!

கீசர் கோளாறுகளை வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இருக்கிற எரிச்சலில் இவ்வளவுதான் வருகிறது. ஆள் வேலை செய்யும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். தனியாகப் பணம் அனுப்பாதீர்கள். சூடாகும்போது, அழுத்தம் கூடினால் திறக்கிற சேஃப்டி வால்வில் சொட்டுவது சாதாரணம், அதற்கு டேங்க் ஓட்டை என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். டேங்கே நிஜமாக ஒழுகினால் வாரன்டி கார்டைத் தேடுங்கள், காயிலைவிட டேங்குக்குப் பெரும்பாலும் கூடுதல் வருஷம் இருக்கும். கீசர் போட்டதும் ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் தானாக ஆஃப் ஆகிற சுவிட்ச்) விழுந்தால் மட்டும் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள், எங்கேயோ கரண்ட் கசிகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.